ரெண்டு தாள் நட்சத்திரம்

இல்லீங்கம்மா, நான் வேலைக்கு வர்ற பொண்ணு இல்ல. நான்தான் மாலதி. ஆமா, அந்த மாலதியேதான். சதீஷோட சம்சாரம். இன்னைத் தேதிக்கு.

அட, எதுக்கு எந்திரிக்கிறீங்க? உக்காருங்க. மழை புடிச்சுக்கிச்சு, குடையும் கொண்டு வரல. எங்க ஊரு பஸ் ஸ்டாப்புல கூரை கெடையாது. ஒரு புங்க மரந்தான். அது எலைக்கு ஒரு சொட்டு எடுத்து வெச்சுக்கிட்டு மழை விட்டப்புறமும் தலையில ஊத்தும். பன்னெண்டே முக்காலுக்குத்தான் பாபநாசம் பஸ். அதுவரைக்கும் எங்க போயி நிப்பீங்க?

அத்தை வீட்டுல இல்ல. கும்பகோணம் போயிருக்காங்க, ஜோசியர்கிட்ட. உங்க பொண்ணு ஜாதகத்தையும் அவரு ஜாதகத்தையும் மஞ்சப்பையில போட்டுக்கிட்டு, தரகர் தமிழரசனையும் கூட்டிக்கிட்டு, ஏழு மணி பஸ்ஸுக்கே கெளம்பிட்டாங்க. ஒரு மணி பஸ்லதான் வருவாங்க. அவங்க வர்றதுக்குள்ள நீங்க கெளம்பிடணும்னு பாக்குறீங்க, இல்ல? எனக்கும் அதான் நல்லதுன்னு படுது.

உங்கள எப்படித் தெரியும்னா, போட்டோவுல பாத்தேன். அத்தை போனுக்கு வந்துச்சே, அபிநயா நடுவுல பச்சைப் பட்டுல, நீங்க பக்கத்துல. அதே மூக்குத்தி. அத்தைக்குப் படத்தைப் பெருசாக்கிப் பாக்கத் தெரியாது. நான்தான் வெரல வெச்சு விரிச்சு விரிச்சுக் காட்டுனேன். மொகம் லட்சணமா இருக்குன்னாங்க. ஆமா அத்தை, லட்சணமாத்தான் இருக்குன்னு நானும் சொன்னேன். பொய் இல்லீங்க, நெஜமாவே லட்சணந்தான்.

பட்டுக்கோட்டையிலேந்து மூணு பஸ் மாறி, யாருகிட்டயும் சொல்லாம ஒத்தையில வந்திருக்கீங்கன்னா, என்னப் பாக்கத்தானே வந்தீங்க. மொத சம்சாரம் எப்படி இருக்கா, நாளைக்குப் பின்ன வந்து கத்துவாளா, மண்ண வாரித் தூத்துவாளான்னு. தப்பில்லம்மா. பெத்தவங்க அதைக்கூடப் பாக்கலன்னா எப்படி? நல்லாப் பாத்துக்குங்க.

காலைத் தள்ளி வைங்க, அங்க ஊசி கெடக்கு. இதெல்லாம் பாத்தா குப்பை மாதிரிதான் இருக்கும். கிறிஸ்துமஸ் மரத்துல தொங்கவிடுற சாமான் செய்யிறேன். எதுத்த வீட்டு ஆரோக்கியமேரி அக்கா இருக்காங்கல்ல, லாரி ஓட்டுற ஜெக்கரியா அண்ணன் வீட்டம்மா, அவங்கதான் வருஷா வருஷம் மாதா கோயில் மரத்துக்கு செய்வாங்க. இந்தத் தடவ முழங்கால் ஆபரேஷன், கீழ உக்கார முடியல. மாலதி, நாப்பது உருப்படி வேணும், நாளன்னைக்கு மரம் வெக்கிறோம்னாங்க. இருவத்தெட்டு முடிச்சுட்டேன்.

சும்மா உக்காந்திருந்தா உங்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். கைக்கு ஒரு வேலை இருந்தா மனசு கொஞ்சம் லேசாகும். நீங்களும் ரெண்டு செய்யிங்களேன். வராதுன்னு எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. நானும் சொன்னேன். கத்திரிக்கோல் புடிக்கத் தெரிஞ்சா போதும்.

சுளுவானதுலேந்து ஆரம்பிப்போம். இந்தாங்க, வைக்கோல். மெஷின் அறுத்த வைக்கோல் இதுக்கு ஆகாது, நசுங்கிக் கந்தலாப் போயிருக்கும். இது குறுவையில மெஷின் எறங்க முடியாத மூலையில கையால அறுத்தது. ரெண்டு கணுவுக்கு நடுவுல இருக்கிற தாளா பாத்து நறுக்கிக்கணும். அரை மணி நேரம் வெதுவெதுன்னு தண்ணியில ஊறணும். இது ஊறுனதுதான். நகத்தால நீளவாட்டுல கீறி விரிங்க. அவசரப்படாதீங்க, கிழிஞ்சா வேற எடுத்துக்கலாம், நம்மகிட்ட வைக்கோலுக்கா பஞ்சம்? விரிச்சுட்டு மேல துணியப் போட்டு, இந்தச் சுடுதண்ணி சொம்ப ஒரு இழுப்பு இழுங்க. பாத்தீங்களா? ரிப்பன் மாதிரி ஆயிடுச்சா? பளபளன்னு இருக்கும். நெல்லு விளையிற ஊருல பொறந்து வளந்து, வைக்கோலுக்குள்ள இப்படி ஒரு மினுமினுப்பு இருக்குன்னு மேரி அக்கா காட்டித்தான் எனக்கே தெரியும்.

நாலு ரிப்பன், வெரல் நீளம். ரெண்ட கூட்டல் குறி மாதிரி வைங்க. மேல ரெண்ட பெருக்கல் குறி மாதிரி. நடுவுல கட்டவெரலால அமுக்கிப் புடிங்க. இப்ப நூல, ஒண்ணுக்கு மேல, அடுத்ததுக்குக் கீழ, மேல, கீழ. ஒரு சுத்து வந்து முடிச்சு. அவ்ளோதான். நட்சத்திரம்.

கோணலா இருந்தா என்ன? மாதா கோச்சுக்க மாட்டாங்க.

கையெழுத்தா? போட்டுட்டேன். ரெண்டு எடத்துல. கார்த்திகை பொறந்த அன்னைக்கு வக்கீலு வீட்டுக்கே வந்தாரு. ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியறோம்னு எழுதியிருந்துச்சு. அவரு கையெழுத்து சிங்கப்பூர்லேந்து வரணும். வந்துரும். தை பொறந்ததும் நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். பொட்டிகூட பாதி அடுக்கிட்டேன். நான் வந்து தகராறு பண்ணுவேனோன்னு ஒரு பயம் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். அதுக்குத்தான் வந்தீங்கன்னா, வந்த வேலை முடிஞ்சுது.

ஆனா நீங்க இன்னும் மொகம் தெளியல.

சரி, அடுத்தது செய்வோம். வளையல் உருண்டை. கண்ணாடி வளையல்தான், பயப்படாதீங்க, ஒடையாது. ரெண்டே நாலு சைஸ் ஒண்ணு, ரெண்டே ஆறு சைஸ் ஒண்ணு. சின்னதைப் பெருசுக்குள்ள குறுக்க நிறுத்துங்க. ஒட்டுற எடத்துல, மேலயும் கீழயும் நூலால நாலு சுத்து. அப்புறம் இந்தக் கம்பளி நூல, உருண்டை சுத்துற மாதிரி சுத்திக்கிட்டே போகணும். முழுசா மூடிடாதீங்க, வளையல் அங்கங்க தெரியணும். வெளக்கு வெளிச்சம் பட்டா அதான் மினுங்கும்.

ஆமா, நெறைய வளையல்தான். அந்த டப்பா முழுக்க. வளைகாப்பு வளையல். எனக்கு எங்கேந்து வளைகாப்பு? ஊருல மத்தவங்களுக்கு நடந்தது. பிள்ளை இல்லாதவளுக்கு அதே கையோட ரெண்டு போட்டு விட்டா அடுத்தது அவளுக்குன்னு ஒரு நம்பிக்கை இருக்குல்ல, உங்க பக்கமும் உண்டுதானே? ஏழு வருஷத்துல பதினோரு வளைகாப்பு. மொத மூணு நாலு தடவ கூச்சமா சந்தோஷமா கையை நீட்டுனேன். அப்புறம் அத்தை, போ, போயி நீட்டுன்னு முதுகுல குத்தித் தள்ளுவாங்க. போன வருஷத்துலேந்து யாரும் கூப்பிடுறதில்ல. கூப்பிடாததுல எனக்கும் ஒரு நிம்மதி.

இறுக்காதீங்க, இறுக்குனா கண்ணாடி கீறிடும். மெதுவா.

இந்த வெள்ளிச்சரம் எதுல செஞ்சதுன்னு சொல்லுங்க பாப்போம். வெள்ளியா? நல்லாச் சொன்னீங்க போங்க. மாத்திரை அட்டைம்மா. மாத்திரை உக்காந்திருக்கிற குழி இருக்கு பாருங்க, அதைச் சுத்தி ஒரு நூல் அளவு விட்டு வட்டமா நறுக்கணும். ஊசியால ஒரு குத்து, கோத்துக்கிட்டே போனா மணி மாதிரி வரும். நூத்து இருவது கோத்தா இந்தக் கதவு அகலத்துக்கு ஒரு சரம்.

எல்லாம் நான் தின்னதுதான். வேற யாரு? நாலு வருஷத்து அட்டை. அத்தை ஒருத்தரு விடாம கூட்டிட்டுப் போனாங்க. திருவாரூர்ல ஒரு அம்மா, மாயவரத்துல ஒரு வைத்தியர், லேகியம், சூரணம், வெறும் வயித்துல வேப்பங்கொழுந்து. நாகூர் தர்காவுல கூட மந்திரிச்சுக் கயிறு கட்டிவிட்டாங்க. எல்லா சாமியும் அத்தைக்கு வேணும், கிறிஸ்துமஸ் மரம் மட்டும் ஆகாது. நம்ம வீட்டுல தொட்டில் கட்ட வழியக் காணோம், இவ அடுத்தவ மரத்துக்கு அலங்காரம் பண்றான்னு இன்னைக்குக் காலையிலகூட ஒரு பாட்டம். என் கழுத்துல செருப்பு மாலை ஒண்ணத் தவிர மத்ததெல்லாம் போட்டாச்சு. விடுங்க.

டாக்டரா? தஞ்சாவூர்ல பெரிய டாக்டருகிட்ட... அய்யய்யோ, நூல விட்டுட்டீங்க பாருங்க. கொண்டாங்க, நான் புடிக்கிறேன். சுத்துறப்ப கண்ணு இங்க இருக்கணும். ம். இப்ப சரி.

மழை கொறையல. நடவு நட்டு ரெண்டு மாசப் பயிரு வயல்ல நிக்குது, இப்படியே இன்னும் ரெண்டு நாள் அடிச்சா தண்ணி வடிய வழியில்ல. எங்க மாமனார் இருந்தா இந்நேரம் மம்முட்டியத் தூக்கிக்கிட்டு வாய்க்காலுக்குப் போயிருப்பாரு. உங்களுக்குத் தென்னந்தோப்பு, உங்களுக்கு இந்தக் கவலை இல்ல. காத்துதான் பயம், இல்ல?

அவரா? அவரப் பத்தி கேக்கணும்னா நேரா கேளுங்க, எதுக்குச் சுத்தி வளைக்கிறீங்க? நல்ல மனுஷன். குடிக்க மாட்டாரு. கை நீட்ட மாட்டாரு. அம்மா பேச்சத் தட்ட மாட்டாரு. அந்த மூணாவதை மட்டும் வீட்டுக்குப் போயி நெதானமா யோசிச்சுப் பாருங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ வருவாரு, ஒரு மாசம் இருப்பாரு. இந்தப் பசை, ஜிகினா எல்லாம் அவரு வாங்கிட்டு வந்ததுதான். உனக்குப் பொழுது போகலன்னியே, இந்தா செய்யின்னு. எனக்கு அவரு மேல இன்னைக்கும் கோவம் வர மாட்டேங்குது. வந்தா நல்லாருக்கும்.

இப்ப பெரிய நட்சத்திரம் செய்வோம். காகிதத்துல. இதுதான் மேரி அக்காவுக்கே ரொம்பப் புடிச்சது. ஒரு பழக்கத்துக்கு மொதல்ல இந்த உரக்கடை காலண்டர் தாள்ல மடிங்க. படுக்கை வசமா வைங்க. ஒரு வெரல் அகலத்துக்கு ஒரு மடிப்பு. தாளத் திருப்புங்க. அதே அகலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மடிப்பு. மறுபடி திருப்புங்க. பொடவைக் கொசுவம் வெக்கிறோம்ல, அதேதான். கொசுவம் வெக்கத் தெரிஞ்ச கைக்கு இது என்ன பெரிய வித்தை? மடிப்ப நகத்தால தேச்சு விடணும். தேக்காத மடிப்பு நிக்காது.

கடைசி வரைக்கும் மடிச்சா ஒரு பட்டை வரும், ஸ்கேல் மாதிரி. அதோட ரெண்டு ஓரத்தையும் முக்கோணமா வெட்டிக்குங்க, நட்சத்திரத்துக்குக் கூர் வரும். அதை நடுவுல சரிபாதியா வளைங்க. வளைச்ச எடத்துல நூலக் கட்டி, உள்பக்கம் ஒட்டுற ரெண்டு ஓரத்தையும் சேத்து ஒட்டுனா விசிறி. பாத்தீங்களா, அரை வட்டந்தான் வருது. ஒரு தாளு எவ்ளோ பெருசா இருந்தாலும் அரைதான். இன்னொரு தாளு அதே மாதிரி மடிச்சு, ரெண்டையும் எதிரெதிரா வெச்சு ஒட்டுனாத்தான் முழுசு. ஒருத்தர் தாளை மட்டும் வெச்சு இதுல ஒண்ணும் பண்ண முடியாது.

பசைக்கு சோத்துப் பருக்கைதான். அவரு வாங்கிட்டு வந்த பசை கெட்டியா புடிச்சுக்கும், அப்புறம் பிரிக்கணும்னா தாளே கிழிஞ்சு வரும். பருக்கை அப்படியில்ல. ஈரத்துணி வெச்சு ரெண்டு நிமிஷம் விட்டா நோகாம பிரிஞ்சுரும். எதையுமே பிரிக்க வேண்டிய நாள் ஒண்ணு வரும்னு நெனச்சு ஒட்டுறது நல்லது.

சிரிக்கிறீங்களே. அப்பாடா. வந்ததுலேந்து இப்பத்தான் சிரிச்சீங்க.

அந்தச் சின்ன டப்பாவத் தொறக்காதீங்க... சரி, தொறந்துட்டீங்க. பாருங்க. மஞ்சத்துணி. தொட்டில்தான். நான் செஞ்ச மொத சாமான் அதுதான். அந்தக் கதையச் சொன்னா இன்னும் சிரிப்பீங்க.

மூணு வருஷத்துக்கு முன்னாடி. அதுவரைக்கும் நான் கிறிஸ்துமஸ் மரத்தக் கிட்டத்துல போயி பாத்ததில்ல. மேரி அக்கா கேக் சாப்பிட வாடின்னு கூப்பிட்டாங்க. போயி பாத்தா நடுவீட்டுல ஒரு சவுக்குக் கிளை, தொட்டி மண்ணுல நட்டு வெச்சிருக்கு. அதுல என்னென்னமோ கட்டித் தொங்குது. நம்ம புத்திக்கு என்ன தோணும்? மரத்துல ஒண்ணக் கட்டித் தொங்க விட்டா அது வேண்டுதல். கோயில் மரத்துல நாம கட்டுறதில்லையா? நட்சத்திரம் கட்டியிருக்கிறது யாரோ நல்ல காலம் கேட்டு, மணி கட்டியிருக்கிறது யாரோ பேச்சு வராத பிள்ளைக்கு, அப்படின்னு நானா ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேண்டுதல் நெனச்சுக்கிட்டேன். கேக்கவும் கூச்சம்.

வீட்டுக்கு வந்தேன். மஞ்சப் பொடவை முந்தானையில ஒரு துண்டு கிழிச்சேன். ரெண்டு குச்சி வெச்சுத் தொட்டில் கட்டி, உள்ள ஒரு கூழாங்கல்லப் போட்டு, மறுநா யாரும் பாக்காதப்ப போயி அடிக்கிளையில கட்டிட்டு, மூணு சுத்து சுத்திக் கும்புட்டு வந்துட்டேன்.

கிறிஸ்துமஸ் அன்னைக்குக் காலையில அவங்க வீட்டுக்கு வந்த சொந்தக்காரப் பசங்க கண்டுபுடிச்சிருச்சுங்க. ஆன்ட்டி, இது கோயில் மரம் இல்ல, சும்மா அழகுக்கு வெக்கிறதுன்னு ஒரே சிரிப்பு. எனக்கு மொகமெல்லாம் எரியுது. கல்லு வேற உள்ள இருந்து டொக்குன்னு விழுந்து உருண்டுச்சு. ஜெக்கரியா அண்ணன்கூடச் சிரிச்சாரு பாவம், தப்பா இல்ல. மேரி அக்கா மட்டும் சிரிக்கல. அந்தக் கல்ல எடுத்துத் தன் முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க. தொட்டில எடுத்து அதுக்குள்ள ரெண்டு வைக்கோலப் போட்டு, மரத்து உச்சியில நட்சத்திரத்துக்குக் கீழ கட்டுனாங்க. அன்னைலேந்து வருஷா வருஷம் மொதல்ல அதுதான் அக்கா வீட்டு மரத்துக்கு ஏறும். மத்தது செய்ய அதுக்கப்புறந்தான் கத்துக் குடுத்தாங்க. வாடி, வேண்டுதல் இல்லாம ஒண்ணு செய்யக் கத்துக்கன்னு.

என்னம்மா, கண்ணத் தொடைக்கிறீங்க? சிரிப்பீங்கன்னு சொன்னா அழுறீங்களே.

கேட்டுட்டீங்க. இதைக் கேக்கத்தான் மூணு பஸ் மாறி வந்தீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும். கொறை என்கிட்டதானான்னு. ஊரு அப்படித்தான் சொல்லுது. அத்தை சொல்றாங்க. தரகரு உங்ககிட்டயும் அப்படித்தான் சொல்லியிருப்பாரு, மொத பொண்ணுக்குக் கர்ப்பப்பை சரியில்ல, பையன் தங்கம்னு. அதுக்கு நான் என்ன பதில் சொல்லணும்னு நெனக்கிறீங்க?

காலண்டர் தாளு தீந்துருச்சு. இருங்க, வேற பாக்கறேன்.

பீரோவத்தான் தொறக்கறேன். சாவி இதுல மாட்டிக்கும் எப்பவும். பொடவைக்கு அடியில ஒரு பைல் வெச்சிருந்தேன். ம், இருக்கு. நாலு வருஷம் ஆகியும் தாளு மஞ்சளாகல பாருங்க.

இந்தாங்க. இதுல மடிங்க. நல்ல தாளு, கெட்டியா வழவழன்னு. ரெண்டே ரெண்டுதான் இருக்கு, சரியா ஒரு நட்சத்திரத்துக்கு.

ஏதோ இங்கிலீஷ்ல அச்சடிச்சிருக்கும், ஆமா. பழைய தாளுதான். கண்ணாடி கொண்டு வரலையா நீங்க? பரவால்ல, படிக்க வேண்டாம், மடிங்க. அச்சடிச்ச பக்கம் கீழ இருக்கட்டும், வெள்ளைப் பக்கம் மேல. ஒரு வெரல் அகலம். திருப்புங்க. தேச்சு விடுங்க. காலண்டர் தாளுக்கு ஓரத்தை முக்கோணமா வெட்டுனோம்ல, இதை வெட்ட வேண்டாம். ஒரு எழுத்துகூடப் போகக் கூடாது.

அபிநயாவுக்கு எத்தனை வயசு? இருவத்தொம்போதா. செவ்வாய் தோஷம்னு தள்ளிக்கிட்டே போச்சுன்னாங்க. பி.காம்., இல்ல? நல்லா இங்கிலீஷ் வாசிக்கும்ல? அது போதும். சீர் செனத்தி வேண்டாம்னு அத்தை சொன்னதும் உங்களுக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் ஏன் வேண்டாங்கிறாங்கன்னு ஒரு குத்தல். அதான் தூக்கம் வராம கெளம்பி வந்துட்டீங்க. எனக்கு அம்மா இல்லம்மா. எனக்குப் பாத்தப்ப இப்படி யாரும் மூணு பஸ் மாறி வரல.

உங்க பொண்ணு இந்த வீட்டுக்கு வந்தா, இந்தப் பாயிலதான் உக்காரும். மொத வருஷம் அத்தை தங்கமா வெச்சுப்பாங்க, பொய் சொல்லக் கூடாது. என்னையும் வெச்சாங்க. ரெண்டாம் வருஷம் ஆரம்பிக்கும். திருவாரூர், மாயவரம், லேகியம். யாரு வீட்டு வளைகாப்புன்னாலும் முதுகுல கை வெச்சுத் தள்ளுவாங்க. வளையல் டப்பா நெறையும். அட்டை சேரும். அந்தப் பொண்ணுக்கும் எனக்கு இருந்த மாதிரி எதுத்த வீட்டுல ஒரு மேரி அக்கா இருக்காங்க, அதுவரைக்கும் கொடுத்து வெச்சதுதான்.

ரெண்டாவது தாளையும் மடிச்சுட்டீங்களா? என்னைவிட நேரா வந்திருக்கு. கொசுவம் வெக்கிற கைன்னு சொன்னேன்ல. இப்ப வளைங்க. நூல நான் கட்டறேன். பருக்கையத் தொட்டு ஓரத்துல தடவுங்க. கொஞ்சமா. இது ஒரு பாதி. இது ஒரு பாதி. எதிரெதிரா வைங்க. அமுக்கிப் புடிங்க.

வந்துருச்சு பாருங்க. முழு நட்சத்திரம். மொத தடவ செய்யிறவங்க செஞ்சதுன்னு யாரும் சொல்ல முடியாது.

மேரி அக்காவுக்கா? இல்லீங்க, இது அந்த நாப்பதுல சேராது. அவங்களுக்கு மீதிய நான் ராத்திரிக்குள்ள முடிச்சுருவேன். இது உங்களுக்கு. நீங்க செஞ்சது, நீங்கதான் கொண்டு போகணும். வேண்டாம்னு சொல்லாதீங்க. மழை தூத்தலாயிடுச்சு, இருந்தாலும் பிஸ்கட் டப்பாவுல போட்டுத் தர்றேன், நனையக் கூடாது. பையில மேலாக வைங்க. பஸ்ல யாரு கேட்டாலும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம்னு சொல்லுங்க, அது பொய்யும் இல்ல.

மணி பன்னெண்டரை. செருப்பப் போட்டுக்குங்க, நான் முக்கு வரைக்கும் குடை புடிக்கிறேன். வரப்பு வழுக்கும், இந்தப் பக்கமா வாங்க.

கோச்சுக்கிட்டீங்களா? கேட்ட கேள்விக்கு வாயத் தொறந்து பதில் சொல்லலையேன்னு. சொல்ல முடியாதும்மா. நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தருக்கு சத்தியம் பண்ணியிருக்கேன். போன்ல, மொகத்தப் பாத்துக்கிட்டு, தாலியக் கையில புடிச்சுக்கிட்டு. உயிரு இருக்கிற வரைக்கும் வாயால யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு. அந்தப் பக்கம் அவரு அப்படி அழுதாரு. அம்மாவுக்குத் தெரிஞ்சா நான் இருக்க மாட்டேன் மாலதின்னாரு. அந்தத் தாலிய இப்ப அவரே திருப்பிக் கேக்குறாரு, சத்தியத்தத் திருப்பிக் கேக்க மட்டும் மறந்துட்டாரு. அதனால நான் இன்னும் காப்பாத்திக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்களே சொல்லுங்க, வந்ததுலேந்து நான் உங்ககிட்ட என்ன பேசுனேன்? வைக்கோல், வளையல், காகிதம். வேற ஏதாவது பேசுனேனா?

அந்தத் தொட்டில கட்டுனேன்னு சொன்னேன்ல, அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே இந்தத் தாளு என் கைக்கு வந்துருச்சு. அது எனக்காகக் கட்டுன வேண்டுதல் இல்லம்மா.

பஸ் வருது பாருங்க, லைட்டு தெரியுது. வீட்டுக்குப் போனதும் அபிநயாவ மட்டும் பக்கத்துல வெச்சுக்கிட்டு, ஒட்டுன எடத்துல ஈரத்துணியப் போடுங்க. ரெண்டு நிமிஷம். நோகாம பிரிஞ்சுரும். ரெண்டு தாளு. மேல தஞ்சாவூர் ஆஸ்பத்திரி பேரு இருக்கும். ஒண்ணுல என் பேரு, ஒண்ணுல அவரு பேரு. உங்க பொண்ணு வாசிக்கட்டும். வாசிச்சுட்டு என்ன முடிவு எடுத்தாலும் சரி, யாருக்கும் காட்டாம மறுபடி மடிச்சு வெச்சுருங்க.

மடிக்கத் தெரியும்ல? இப்பத்தானே நீங்களே மடிச்சீங்க.

பாத்து ஏறுங்க, படி ஈரமா இருக்கு.